அம்மா என்றால் யாரம்மா?

முன்னே முன்னே, மந்திரவாதிகளும் வெயிலில் நடந்து தாகத்தில் வாடிய காலத்தில், செங்காட்டுச் சீமையில் வேலம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். கேளுங்கள், அன்றைக்கு அவளுக்குப் பொல்லாத எரிச்சல்.

விடிந்ததிலிருந்து ஒரே அம்மா. கீரைக்காரி வாசலில் நின்று "அம்மா, கீரை" என்றாள். புருஷன் வேட்டியைக் காணாமல் "ஏம்மா, இங்க வாம்மா" என்றான். கொட்டிலில் கன்றுக்குட்டி அம்மா என்றது. எதிர்வீட்டுக்காரன் கல்லில் காலை இடித்துக்கொண்டு "அம்மா" என்று அலற, அதற்கும் இவள் அடுப்பை விட்டு ஓடிவந்தாள். பெற்றது ஒரே ஒரு பெண். அந்தப் பவளம் மட்டும் அம்மா என்று கூப்பிடவும் இல்லை, கூப்பிட்டால் வரவும் இல்லை. கொல்லையில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஏழு கடல் தாண்டி வந்த மந்திரவாதி ஒருவர் வாசலில் நின்றார். வழியில் நாலு பேரிடம் தமிழ் கற்றவர். "அம்மா, தாயே, ஒரு வாய் மோர்" என்றார்.

"நான் யாருக்கய்யா அம்மா?" என்று சீறினாள் வேலம்மாள். "வாயில வர்றதச் சொல்லிக் கூப்பிட்டா, கூப்பிட்டபடி ஆயிடுவாங்களா?"

மந்திரவாதிக்கும் கோபம் வந்தது. வெயில் அப்படி.

"ஆகட்டும். இனி உன் மகளை நீ எப்படிக் கூப்பிட்டாலும் அப்படியே ஆவாள். பொழுது சாயும்போது எதுவாக இருக்கிறாளோ, கடைசிவரை அதுவாகவே இருப்பாள்" என்று கோலைத் தட்டிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

'வெயில்ல மூளை கலங்கிப்போச்சு' என்று நினைத்துக்கொண்டு வேலம்மாள் கொல்லைப் பக்கம் கத்தினாள். "ஏ கழுதை, சாப்பிட வர்றியா இல்லையா?"

ஊஞ்சலில் ஒரு கழுதை உட்கார்ந்திருந்தது. பாரம் தாங்காமல் கயிறு அறுந்தது.

வேலம்மாளுக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, என் கிளியே" என்று ஓடினாள். கழுதை கிளியாகி முருங்கைமரத்து உச்சிக்குப் பறந்தது. "எறங்குடி, பவளம்" என்று கெஞ்சினாள். பெயர்தானே, என்ன ஆகிவிடும்? மரத்திலிருந்து ஒரு பவளக்கல் சருகில் விழுந்தது.

அந்தச் சருகுக்குள் தேடித் தேடிக் கண்டெடுப்பதற்குள் வெயில் மஞ்சளாகிவிட்டது. சுண்டைக்காய் அளவுதான் இருந்தாள் மகள்.

இனி வாயைத் திறக்கவே பயம். ராசாத்தி என்றால் எந்தத் தேசத்து அரண்மனைக்குப் போவாளோ. தங்கமே என்றால் கட்டியாகக் கிடப்பாள். மகளே என்றால் யார் வீட்டு மகளாவாளோ. கண்ணே என்பதை நினைக்கவே கூடாது. இத்தனை சொல் இருந்தும் பெற்ற பிள்ளையைக் கூப்பிட ஒரு சொல் இல்லையே என்று பாஷையின் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

சூரியன் பனைமரத்துக்குப் பின்னால் இறங்கியது. கல்லைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுகிறவளுக்கு யோசனை ஏது?

"என்னப் பெத்த ஆத்தா, என்னப் பெத்த அம்மா, வந்துடும்மா."

மந்திரவாதி துள்ளி எழுந்தார். கையிலிருந்த கோல் தானாக உதறியது. "என்ன சொன்னாய்? அவளா உன்னைப் பெற்றாள்?"

"நான் பெத்த பொண்ணுய்யா அவ."

"பிறகு ஏன் அம்மா என்கிறாய்?"

"பெத்த பொண்ண வேற எப்படிக் கூப்பிடுவாங்க?"

மகள் தாயைப் பெற வேண்டும். அதற்கு முன்னால் அந்தத் தாய் மகளைப் பெற்றிருக்க வேண்டும். மந்திரம் முன்னே போய்ப் பார்த்தது, பின்னே போய்ப் பார்த்தது, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. ஒன்றும் நடக்காமல் கோல் இரண்டாக முறிந்தது. கல் இருந்த இடத்தில் பவளம் நின்றாள், தலையெல்லாம் முருங்கையிலை.

"பசிக்குதும்மா" என்றாள்.

விடிந்ததிலிருந்து கேட்ட அம்மாவிலேயே அந்த ஒன்றுதான் வேலம்மாளின் காதில் இறங்கியது. மகளைக் கட்டிக்கொண்டாள், சோறு போட்டாள். பவளம் அன்றிலிருந்து கூப்பிட்டவுடன் வந்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வரவில்லை.

வாசலில் மந்திரவாதி முறிந்த கோலை ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலம்மாள் ஒரு செம்பு மோரில் உப்பும் கறிவேப்பிலையும் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இந்தாங்கப்பா, குடிங்க."

நான் யாருக்கு அப்பா என்று கேட்க வாயைத் திறந்தார் மந்திரவாதி. செம்பைப் பார்த்தார். திறந்த வாயில் மோரை ஊற்றிக்கொண்டார்.