வேறு கம்பெனி பேட்டரி

“இது செத்துப்போச்சுங்காங்க டீச்சர். நான் ஒத்துக்க மாட்டேன்.”

தூத்துக்குடியில் ஷாஹிதா பேட்டரி வேலை கற்றுக்கொடுக்கிற ஷெட்டுக்குள் நுழைந்ததும் சூசைமிக்கேல் சொன்னது இதுதான். கையில் ஒரு டிரில் மெஷின். ஒயர் கிடையாது, பேட்டரியில் ஓடுவது. பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. கதவு, ஜன்னல் மாட்டுகிற வேலை. ஒரு விபத்தில் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மீதி மூன்று விரலுக்கு அடங்குகிற பிடி இந்த மெஷினில்தான் இருந்தது. கடை கடையாக ஏறிப் புது மெஷின்களைப் பிடித்துப் பார்த்துவிட்டார். ஒன்றுகூடக் கைக்குள் நிற்கவில்லை.

ஷாஹிதாவுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். மெஷினை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

“மோட்டார்?”

“நல்லா ஓடும்.”

“கியர்?”

“ஒரு பழுதும் இல்ல.”

“அப்ப செத்தது யாரு?”

“பேட்டரி. இந்த மாடலுக்கு இனிமே பேட்டரி செய்ய மாட்டாங்களாம். மெஷினையே தூக்கிப் போடச் சொல்லுதான் கம்பெனிக்காரன்.”

“போடுறீங்களா?”

“மாட்டேன்.”

“உட்காருங்க.”

பேட்டரிக் கூட்டின் மேல் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. திறந்தால் கம்பெனி பொறுப்பில்லை. சூசையின் கை தயங்கியது.

“இதுவரைக்கும் பொறுப்பு எடுத்தாங்களா அண்ணாச்சி?”

அவர் நகத்தால் ஸ்டிக்கரைக் கிழித்தார்.

செத்த செல்களை வெளியே எடுத்துவிட்டு வெறும் கூட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதன் அடியில் வேறு கம்பெனி பேட்டரி வந்து உட்கார ஒரு தகடு. பழசும் பதினெட்டு வோல்ட், புதுசும் பதினெட்டு வோல்ட். சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர். சூசை நேராக இணைத்துவிட்டு, பேட்டரியை மாட்டக் கை நீட்டினார்.

ஷாஹிதா கட்டரால் சிவப்பு ஒயரை வெட்டினாள்.

“ஏன்?”

“ஃப்யூஸ் எங்க?”

“முப்பது வருஷமா மெஷின் பிடிக்கேன் டீச்சர்.”

“அது பேட்டரிக்குத் தெரியாது.”

ஃப்யூஸ் வைத்தார். மறுபடியும் வெட்டினாள்.

“இப்ப என்ன?”

“உங்க பழைய பேட்டரி களைச்சா மெஷின் மெதுவாகும். நீங்களும் நிறுத்துவீங்க. இது அப்படி இல்ல. காட்டிக்காம ஓடி ஓடியே கெட்டுப்போகும்.”

சின்னதாக ஒரு போர்டைக் கொடுத்தாள். சார்ஜ் இறங்கினால் தானாகத் துண்டித்துவிடுகிற போர்டு. அதைப் பற்றவைப்பதற்குள் சூசைக்கு வேர்த்துக் கொட்டியது. இரண்டு தடவை ஈயம் வழிந்து வீணானது.

மத்தியானம் விசையை அழுத்தினார்.

மெஷின் இரைந்தது.

விட்டுவிட்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “கம்பெனிக்காரன் கெடக்கான். எனக்கு நீங்க இருக்கீங்க. இனி எது கெட்டாலும் நேரா இங்கதான் வருவேன்.”

ஷாஹிதா மெஷினைக் கேட்டு வாங்கினாள். பேட்டரியைக் கழற்றினாள். தகட்டைப் பிரித்தாள். அவர் பற்றவைத்த இணைப்புகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வெட்டினாள்.

சூசை எழுந்துவிட்டார்.

“கிறுக்கா உங்களுக்கு? நாளைக்குப் பள்ளிக்கூடத்துல பதினாறு கதவு மாட்டணும் எனக்கு!”

“நான் சாப்பிடப் போறேன்.”

“சேர்த்துக் குடுத்துட்டுப் போங்க!”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சூசை வாசல்வரை போனார். திரும்பி வந்தார். பெஞ்சை ஒரு உதை விட்டார். மெஷினைப் பையில் போட்டார், வெளியே எடுத்தார்.

பிறகு உட்கார்ந்தார்.

முதலில் ஃப்யூஸ். அப்புறம் போர்டு. ஒயரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பது மறந்துபோயிருந்தது. யாரிடமும் கேட்க முடியாது. வெட்டுப்பட்ட துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று பார்த்தார். ஒரு இணைப்பு சரியில்லை. அதைத் தானே வெட்டிப்போட்டு மறுபடி வைத்தார்.

ஷாஹிதா திரும்பி வந்தபோது, அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். மெஷினை அவள் முகத்துக்கு நேரே தூக்கி ஓட்டிக் காட்டினார்.

“யாரு சேர்த்தது?” என்று கேட்டாள்.

“நான்தான். வேற யாரு இருந்தா இங்க?” அவருக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. “இனிமே உங்க வாசல மிதிக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க!”

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

மெஷினை நிறுத்தினார். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.