மிதிக்கத் தூக்கிய கால்

"மூணு வருசமாச்சு ஆசானே. ஒரு ஆளு நாடியையாவது தொட விட்டியளா?"

கேட்ட தாணுலிங்கத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. வர்ம வைத்தியரான ஆசான் வேலப்பனுக்கு நாற்பத்தொன்றுதான். வித்தைக்கு வயதென்ன என்று வீறாப்பாகச் சீடனாய் வந்து சேர்ந்தவர், இன்று துணிமூட்டையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"விடல்லதான்," என்றார் ஆசான்.

"வாரியலத்தான் தொட்டேன்."

அது பொய்யில்லை. வாசலிலிருந்து வைத்தியசாலை வரை இருபதடிக்கு ஆற்று மணல் கொட்டியிருந்தது. வருகிற நோயாளி செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்துதான் உள்ளே வரவேண்டும். ஒருவர் வந்து போனதும் தாணுலிங்கம் துடைப்பத்தால் மணலை நீவி, அடுத்தவருக்குத் தயாராக்குவார். மூன்று வருஷமும் இதே பிழைப்பு.

ஆசான் கேட்டார்: "நேத்து வந்த பெரியவருக்கு என்ன கோளாறு?"

"நாடி பாத்தாத்தானே தெரியும்? இடது முட்டு தேஞ்சிருக்கும். மணல்ல அந்தக் காலு தடம் மட்டும் பட்டும் படாமலும் கிடந்து."

"அந்த மீன்காரிக்கு?"

"தலைசுத்து. காலை அகட்டி அகட்டில்லா வச்சிருந்தா."

"இதெல்லாம் யாரு சொல்லித் தந்தா?"

"யாரும் சொல்லித் தரல்லியே! அதத்தானே நானும் சொல்லுதேன்!"

ஆசான் சிரிக்கவில்லை. "சரி, போயிட்டு வாரும்," என்று எழுந்தார். மணல்மேல் நடந்து போய் வாசல் படலைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

தாணுலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரும் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லக்கூடாதா இந்த மனுஷன்?

குருவின் காலடியை மிதிக்கக்கூடாது என்பது அங்கே வழக்கம். தாணுலிங்கம் அதற்கும் ஒரு படி மேலே. தினமும் விடிந்ததும் அந்த மணலில் முதலில் நடப்பவர் ஆசான்தான். அவர் தடத்தை உற்றுப் பார்ப்பதே மரியாதைக் குறைவு என்று, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, முதல் வேலையாக அதைத்தான் நீவி அழிப்பார். இப்படி ஒரு சீடன் யாருக்குக் கிடைப்பான் என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்வதும் உண்டு.

இன்று அவர் சீடன் இல்லை. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். மிதித்துக்கொண்டே போகிறேன் பார் என்று கறுவியபடி, ஆசானின் காலடிமேல் வைக்கக் காலைத் தூக்கினார்.

சரியாக மிதிக்கவேண்டுமே என்று குனிந்து பார்த்தார்.

தூக்கிய கால் இறங்கவில்லை.

இடது தடங்கள் சுத்தமாக இருந்தன. ஒவ்வொரு வலது தடத்துக்கும் பின்னால் ஒரு கோடு, பெருவிரல் மணலைக் கீறி இழுத்துவந்த கோடு. வாசல் வரைக்கும் அப்படியே.

அந்தக் கோட்டை அவருக்குத் தெரியும். போன வருஷம் ஒரு கொத்தனார் அதே கோட்டோடு வந்து, வைத்தியத்துக்கு நிற்காமல் போனார். அடுத்த தடவை அவரைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள்.

தாணுலிங்கத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெறும் மணலில் ஒரு மனிதரின் முதுகுத்தண்டு முழுசாகத் தெரிகிறது! எந்தக் கணு, எந்தப் பக்கம் என்பதுகூடத் தெரிகிறது. சாமி கும்பிடும்போதுகூட அவருக்கு இப்படிக் கண் கலங்கியதில்லை.

"ஆசானே! அடிமுதுகுல, வலப்பக்கம், நரம்பு நெரியுது. எப்பம் இருந்து?"

"ஆடி மாசத்திலேருந்து."

ஐப்பசி பிறந்துவிட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"தெனமும் காலம்பற நடந்து காட்டினேன் ஓய். நீரு கும்பிட்டுட்டு அழிச்சீரு."

மூட்டை தோளிலிருந்து நழுவி விழுந்தது.

ஆசான் மெல்ல நடந்து திரும்பி வந்தார். மேல்துண்டை எடுத்துக் கொடியில் போட்டார். நோயாளிகள் படுக்கும் பலகையில் குப்புறப் படுத்தார்.

"என் முதுகுக்கு என் கை எட்டாது," என்றார். "தொடணும்னீரே, தொடும்."