எல்லோரும் தலைவர்களான இறகு மன்றம்

மூங்கில் காட்டில் எல்லா மிருகங்களும் செல்போன் வாங்கிவிட்டன. கையே இல்லாத பாம்புகூட வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க இணையத்தில் கிடந்தது. அந்தக் காட்டில் செங்கண்ணன் என்று ஒரு கீரி இருந்தது. உதிர்ந்த இறகுகளைச் சேர்ப்பதில் அதற்கு அப்படி ஒரு பைத்தியம்!

பைத்தியம் அதற்கு மட்டும் இல்லை, காட்டுக்கே இருந்தது. மயில்கள் 'இறகு உலகம்' என்று ஓர் இணைய மன்றம் நடத்தின. போட்டிக்குக் குரங்குகள் 'அசல் இறகு உலகம்' தொடங்கின. அதில் கோபித்துக்கொண்டு போன குரங்குகள் 'உண்மையான அசல் இறகு உலகம்' தொடங்கின. எங்கே பார்த்தாலும் மயில்தோகைப் படம்தான்.

செங்கண்ணன் ஒருநாள் தவிட்டுக்குருவியின் பழுப்பு இறகைப் படம் பிடித்து மயில்களின் மன்றத்தில் போட்டது.

"இதெல்லாம் ஒரு இறகா? காது குடையக்கூடப் பத்தாது!" என்று சிரித்தது ஒரு மயில். அடுத்த நிமிடம் படத்தையே நீக்கிவிட்டார்கள். செங்கண்ணனுக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம், அது பேரையும் புகழையுமா கேட்டது? சின்ன இறகைப் பற்றி ஆசை தீரப் பேச ஒரு துணை வேண்டும், அவ்வளவுதான்.

"போங்கடா! நானே ஒரு மன்றம் தொடங்குறேன்!" என்று கிளம்பிற்று கீரி. 'சின்ன இறகு மன்றம்' பிறந்தது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கீரி தானே படம் போட்டது. தானே கீழே "அடடா, அருமை!" என்று எழுதிக்கொண்டது.

இதைக் கேள்விப்பட்டு வந்தது பூதப்பன் என்ற பெருச்சாளி. எல்லா மன்றத்திலும் நுழைந்து எல்லா மன்றத்திலும் சண்டை போட்டு வெளியே வந்த ஆசாமி அது.

"என்னப்பா, ஈ ஓட்டுறியா?"

"ஆமாண்ணே. இறகைப் பத்திப் பேச யாருமே வரல."

"இறகுக்காக எவன்டா வருவான்? பதவி குடு! விழுந்தடிச்சு ஓடி வருவாங்க!"

"பதவிக்கு நான் எங்கண்ணே போவேன்?"

"வாயால சொன்னா பதவி வந்துட்டுது! எங்கே, என்னைத் தலைவர்னு சொல்லு பாப்போம்!"

கீரி சொன்னது. பெருச்சாளியின் மீசை அப்போதே கொஞ்சம் விறைத்துக்கொண்டது.

பிறகு பார்க்க வேண்டுமே கூட்டத்தை! ஆமை அவசரக் குழுத் தலைவர் ஆனது. ஆந்தைக்குக் காலை வணக்கப் பிரிவு கிடைத்தது. அது பொழுது சாய்ந்து தூங்கி எழுந்ததும் எல்லோருக்கும் காலை வணக்கம் அனுப்பியது. பாம்பு நல்லிணக்கச் செயலாளர் ஆனது. ஆனால் கீரியின் நட்பு அழைப்பை மட்டும் அது ஏற்கவே இல்லை. கடைசியாகக் கரடி வந்தது.

"எனக்கு நிறுவனர் பதவி வேணும்! இல்லேன்னா குரங்குங்க மன்றத்துக்குப் போயிடுவேன்!"

நிறுவனர் என்றால் செங்கண்ணன்தான். இருந்தாலும் வந்த ஆளை இழக்க மனமில்லாமல், அந்தப் பதவியையும் தூக்கிக் கொடுத்துவிட்டது. அசட்டுக் கீரி!

மன்றம் நிரம்பி வழிந்தது. தலைவருக்கு வாழ்த்து, வாழ்த்தியவருக்கு நன்றி, நன்றி சொன்னவருக்கு வாழ்த்து என்று இரவும் பகலும் ஒரே அமளி. செங்கண்ணன் ஆசையாக ஒரு காடை இறகைப் போட்டது.

"வாழ்த்துச் சொல்ற இடத்துல குறுக்க என்னய்யா இறகு?" என்று கரடி சீறியது.

இப்படி இருக்கும்போது ஒரு முள்ளெலி தயங்கித் தயங்கி எழுதியது. அதன் பெயர் வேம்பி.

"வணக்கங்க. என் முதுகு முள்ளுல ஒரு குட்டி இறகு மாட்டிக்கிச்சு. ஓரத்துல மட்டும் லேசா நீலம். எந்தப் பறவையோடதுன்னு யாராச்சும் சொல்லுவீங்களா?"

செங்கண்ணனுக்கு நெஞ்சு துள்ளியது. கடைசியில் ஒருவர் வந்தேவிட்டார்! அது பதில் எழுதத் தொடங்குவதற்குள் பெருச்சாளி முந்திக்கொண்டது.

"முதல்ல உங்களுக்கு என்ன பதவி வேணும், சொல்லுங்க!"

"பதவியெல்லாம் வேணாங்க. சும்மா ஒரு உறுப்பினரா இருந்துக்கறேன்."

மன்றமே ஆடிப்போயிற்று.

"உறுப்பினரா! அப்படி ஒரு பதவியே இங்க இல்லையே!" என்றது ஆந்தை.

"அவசரக் கூட்டம் போடணும்! அடுத்த மழைக்காலத்துல வச்சுக்கலாம்!" என்றது ஆமை.

"இத்தனை பேர் இருந்தும் ஏவுறதுக்கு ஒரு ஆள் இல்லாம இருந்துச்சு. இந்த உறுப்பினர் எனக்குக் கீழதான்!" என்றது கரடி.

"எனக்குக் கீழ!" என்று பாம்பு படமெடுத்தது. வேம்பி பயந்து வெளியேறிவிட்டது.

"நாசமாப் போச்சு! இறகைப் பத்திக் கேட்டு வந்த ஒரே ஒரு ஆளு! அதையும் விரட்டிட்டீங்களே!" என்று கத்தியது செங்கண்ணன்.

"அதைக் கேக்க நீ யாரு? உனக்கு என்ன பதவி?" என்றது பெருச்சாளி.

கீரி யோசித்துப் பார்த்தது. ஒன்றும் இல்லை. உடனே அதை மன்றத்திலிருந்து நீக்கினார்கள். நீக்கிய தலைவருக்கு வாழ்த்துகள் குவிந்தன.

செங்கண்ணன் செல்போனைத் தூக்கி எறிந்தது. புதர் புதராக ஓடியது.

"முதுகுல இறகு மாட்டினவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

காரைப்புதருக்கு அடியில் ஒரு முள்ளுருண்டை நடுங்கியது. "ஐயோ, பதவி குடுக்க வந்திருக்கீங்களா?"

"இல்லீங்க, எனக்கே ஒண்ணும் கிடையாது. அந்த நீல ஓரத்தை ஒரே ஒரு தடவை பாத்துக்கறேன்!"

உருண்டை மெல்ல விரிந்தது. முள்ளில் அந்த இறகு காற்றில் ஆடியது.

"மீன்கொத்தியோ?" என்றது கீரி.

"பனங்காடையா இருக்கும்னு எனக்குத் தோணுது," என்றது வேம்பி.

"அதெப்படி?" என்று கேட்டபடி செங்கண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தது. பேச்சு இருட்டும்வரை ஓயவில்லை.

பதவியைக் காட்டிச் சேர்த்த கூட்டம் பதவியை மட்டுமே பேசும். ஆசையோடு வருகிற ஒருவரை மதித்துக் காப்பாற்றினால்தான் மன்றம் வளரும்.