வேணும்னு ஒரு நாய்

போத்திக்கோ. காலை உள்ள இழு. நான் சொல்லச் சொல்ல 'ம்' கொட்டணும். கொட்டலேன்னா கதை அப்படியே நின்னுரும், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு சீனிச்சாமி. பேருதான் சீனி, வாயைத் தொறந்தா எட்டிக்காய். அவருக்கு வரிசையா மூணு பொண்ணு. அஞ்சு பொண்ணு பெத்தா அரசனும் ஆண்டிம்பாங்க. இவரு மொதல்லயே ஆண்டி, மூணுக்கே அலறிட்டாரு. அப்புறம் நாலாவதா ஒண்ணு பொறந்துச்சு, அதுவும் பொண்ணு. தொட்டில்கிட்டகூட வரல மனுசன். வாசல்ல நின்னுக்கிட்டே, "வேண்டாம்னு பேரு வைங்க, அடுத்ததாவது பையனா வரட்டும்"னாரு. அப்படியே வச்சுட்டாங்க. வேண்டாம். அதான் அந்தப் புள்ளைக்குப் பேரு.

"ம்."

சிரிக்காத. நெசமாவே அப்படிப் பேரு வைப்பாங்க. அப்புறம் என்னாச்சு, அடுத்து பையனே பொறந்துட்டான். பேரு பலிச்சிருச்சுன்னு ஊரே சொல்லுச்சு. பலிச்ச பேரை மாத்துவாங்களா? மாத்தினா பையனுக்கு ஆகாதாம். பள்ளிக்கூடத்துல வாத்தியார் "வேண்டாம்"னு கூப்புடுவாரு. இவ "உள்ளேன் ஐயா"ன்னு எந்திரிப்பா. புள்ளைங்க கொல்லுன்னு சிரிக்கும். தெனமும் அதான்.

அப்போ அரிசி மில்லுக்குப் பின்னாடி ஒரு நாய் குட்டி போட்டிருந்துச்சு. கடுவன் குட்டியையெல்லாம் ஆளாளுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பொட்டைக் குட்டி ஒண்ணு மட்டும் தவிட்டுல பொரண்டு குய்ங் குய்ங்னு அழுதுக்கிட்டு கெடந்துச்சு. பொட்டைன்னா வருசா வருசம் குட்டி போடும், யாரு சோறு போடுறதுன்னு ஒருத்தரும் தொடல. நம்ம புள்ள பாத்தா. பாவாடையில சுத்திக் கொண்டாந்துட்டா.

சீனிச்சாமி கட்டில்ல காலை நீட்டிப் படுத்திருந்தாரு. "கடுவன்னா கட்டு. பொட்டைன்னா எடுத்த எடத்துலயே போட்டுட்டு வா"ன்னாரு. குனிஞ்சு பாத்தா தெரிஞ்சிரப்போவுது. குனியிற மனுசனா அவரு? "பேரு என்ன வச்சிருக்க?"ன்னு மட்டும் கேட்டாரு.

"இன்னும் வைக்கலப்பா."

"வச்சுட்டு வந்து சொல்லு."

ராணின்னு வச்சா குட்டி இன்னைக்கே தெருவுக்குப் போயிரும். ராசான்னு வைக்கலாம்னா அவளுக்குப் பொய் வராது, மூஞ்சியே காட்டிக் குடுத்துரும். கேட்டா ஆணும் தெரியக்கூடாது, பொண்ணும் தெரியக்கூடாது. அவளுக்கு வச்ச பேரு மாதிரி ஊர்ல போற வர்றவனுக்கெல்லாம் கதையைச் சொல்லிக் குடுக்கக்கூடாது. அப்படி ஒரு பேரை எங்க போய்த் தேடுறது?

அம்மா அடுப்படியிலேருந்து, "மணின்னு வையேன், ரெண்டுக்கும் ஆகும்"னா. இவ வாசல்ல நின்னு "மணீ"ன்னு ஒரு தடவை கூப்புட்டுப் பாத்தா. அவ்வளவுதான், தெருவுல இருக்கிற நாயெல்லாம் திபுதிபுன்னு ஓடியாந்துருச்சு. சைக்கிள் கடை மணி மாமாவும் பஞ்சரை விட்டுட்டு, "என்ன பாப்பா?"ன்னு எட்டிப் பாத்தாரு. சரி, அது ஆவாது.

அப்புறம் மூத்த அக்கா பவளக்கொடி, "முத்துன்னு வைடி"ன்னா. அம்மா ஓடியாந்து அவ வாயைப் பொத்துனா. "அடியே, அது உங்க தாத்தா பேரு! நாய்க்கு வச்சேன்னு தெரிஞ்சா உங்கப்பா நாயோட சேத்து உங்களையும் வெரட்டிருவாரு." அதுவும் ஆவாது.

அப்புறம் இவளே, "செல்லம், செல்லம்"னு மெதுவாக் கொஞ்சுனா. கட்டில்லேருந்து குரல் வந்துச்சு. "செல்லமா? பொட்டையாடி அது?"

"சும்மா கொஞ்சுனேன்ப்பா. பேரு இன்னும் வைக்கல."

தூங்கிட்டியா? எங்க, ம் சொல்லு.

"ம்."

அப்போ சாயங்காலமாயிருச்சு. இவ தட்டுல பழைய சோத்தைப் போட்டுக்கிட்டு பின்வாசல்ல உக்காந்தா. குட்டி காலைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. ஒரு உருண்டையைக் காட்டி, "வேணுமா?"ன்னா. வாலு விசுக் விசுக். லபக்குன்னு முழுங்குச்சு. "இன்னும் வேணுமா?" விசுக் விசுக். "வேணுமா?" விசுக் விசுக் விசுக். அப்படியே கையில உருண்டையோட நிறுத்திட்டா. வேணும்னு ஒரு சொல்லு இருக்கே! அவ பொறந்ததுலேருந்து அந்தச் சொல்லை அவளைப் பாத்து ஒருத்தரும் சொன்னதில்ல. ஆனா அது ஆணுக்கும் ஆகும், பொண்ணுக்கும் ஆகும். ஊர்ல வேற எந்த நாய்க்கும் கெடையாது. அவளுக்குச் சிரிப்பா வந்துச்சு, அழுகையாவும் வந்துச்சு.

நேரா கட்டில்கிட்டப் போனா.

"பேரு வச்சிட்டேன்ப்பா. வேணும்."

"என்ன வேணும்?"

"பேருப்பா. பேரே வேணும்தான்."

சீனிச்சாமிக்கு என்னைக்கும் வராத சிரிப்பு வந்துருச்சு. கெக்கெக்கேன்னு வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. "அப்போ கடுவன்தான். பொட்டைக்கு எவனாவது வேணும்னு பேரு வைப்பானா? கட்டு, கட்டு."

அவ பொய்யும் சொல்லல, நெசமும் சொல்லல. குட்டி தப்பிச்சிருச்சு. ஆனா அவரு சொன்ன சொல்லு இருக்கு பாரு, அது இவ தொண்டையில முள்ளாட்டம் நின்னுக்கிச்சு.

அப்புறம் தெருவே கூத்தாயிருச்சு. இவ "வேணூம்"னு கூப்புட்டா கீரைக்காரம்மா கூடையை எறக்கி, "என்ன கீரைம்மா?"ன்னு நிப்பாங்க. அம்மா உள்ளேருந்து "வேண்டாம்!"னு இவளைக் கூப்புடுவா. "வேணுமா வேண்டாமா, ஒண்ணைச் சொல்லித் தொலைங்க"ன்னு கீரைக்காரம்மா வஞ்சுக்கிட்டே போவாங்க. ஆனா நாய் மட்டும் கொழப்பிக்கல. தெருமுனையில நின்னு கூப்புட்டாலும் தடதடதடன்னு வந்து இவ மேலயே விழும். வேற யாரு கூப்புட்டாலும் காதைக்கூட ஆட்டாது.

அப்படியே போயிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமா? நாய் வளந்துச்சு. மார்கழி வந்துச்சு. ஊர்ல இருக்கிற கடுவன் நாயெல்லாம் இவங்க வாசல்ல வந்து உக்காந்துக்கிட்டு வள்ளு வள்ளு, உர்ர்ர்ர். சீனிச்சாமி கதவைத் தொறந்தாரு, வாசலைப் பாத்தாரு, நாயைப் பாத்தாரு. அப்போதான் குனிஞ்சாரு.

"பொட்டைக்காடி வேணும்னு பேரு வச்ச?"

"ஆமாப்பா"ன்னா. அந்த ஒரு வார்த்தைதான் சொன்னா.

அவரு கதவைச் சாத்திட்டு உள்ள போயிட்டாரு. மறுநாள் இவ பள்ளிக்கூடம் போனப்புறம் நாயைக் கோணியில போட்டு, வாயைக் கட்டி, சைக்கிள்ல வச்சுக்கிட்டு கிணிங் கிணிங்னு சந்தைப் பக்கம் போயிட்டாரு. வரும்போது வெறுங்கோணி. அம்மா தடுக்கலையான்னு கேக்காத. தடுக்கிற வாய் இருந்தா மகளுக்கு அந்தப் பேரு விழுந்திருக்குமா?

"ம்."

இவ வந்து பாத்தா கயிறு மட்டும் கெடக்கு. அம்மா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே, "சந்தைப் பக்கம் போனாரு"ன்னா. பைக்கட்டை வீசிட்டு ஓடுனா. சந்தைன்னா சும்மாவா, அம்புட்டு ஜனம், அம்புட்டு சத்தம். நடுவுல நின்னுக்கிட்டு, "வேணும்! வேணூம்!"னு கத்துனா.

வாழைப்பழக்காரரு திரும்பிப் பாத்தாரு. "என்ன பாப்பா வேணும்?"னு ஒரு பழத்தைப் பிச்சு நீட்டுனாரு. பழம் இல்லண்ணே, என் நாயின்னு சொல்லிட்டு ஓடுனா. "வேணும்! வேணூம்!" முறுக்கு விக்கிற அக்கா கையைப் புடிச்சு நிறுத்துச்சு. "பசிக்குதா கண்ணு? இந்தா." பசி இல்லக்கான்னு கையை உதறிட்டு ஓடுனா. "வேணூம்!" பாத்திரக்கடைக்காரருக்குக் கோவம் வந்துருச்சு. "யாரு பெத்த புள்ள இது? வெக்கமில்லாம சந்தையில நின்னு கேக்குது! உன் பேரு என்னடி?"

அவ சொன்னா. "வேண்டாம்."

"வேண்டாமா! அப்புறம் எதுக்குடி வேணும் வேணும்னு கத்துற?"

சந்தையே சிரிச்சுச்சு. தராசைக் கீழ வச்சுட்டுச் சிரிச்சாங்க. அவ அந்தச் சிரிப்புக்கு நடுவுலயே கத்திக்கிட்டு நடந்தா. கத்திக் கத்தித் தொண்டை கட்டிருச்சு. கடைசியில வெறும் காத்துதான் வந்துச்சு.

நாய் வந்துச்சான்னு கேக்குறியா? வரல. என்னை அப்படிப் பாக்காத, வரலேன்னா வரலதான்.

பொழுது சாய வீட்டுக்கு வந்தா. சீனிச்சாமி சாப்புட உக்காந்திருந்தாரு. "வேண்டாம், தண்ணி கொண்டா"ன்னாரு. அவ செவுத்துல சாஞ்சு நின்னா. "வேண்டாம்!" அசையல. "ஏ வேண்டாம், காது அடைச்சுப் போச்சா?"

"அந்தப் பேருல இங்க யாரும் இல்ல"ன்னா, அந்தக் கட்டுன தொண்டையோட.

சப்புன்னு ஒரு அறை விழுந்துச்சு. அம்மா ஓடியாந்து தண்ணியை வச்சா. இவ அழல. அன்னையிலேருந்து அந்தப் பேருக்கு அவ திரும்பவே இல்ல. வாத்தியார் கூப்புட்டாலும் எந்திரிக்கல. அம்மா கெஞ்சினா, அக்காங்க கெஞ்சினாங்க, ம்ஹூம். கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்துட்டு விட்டுட்டாங்க.

அப்போ வேற நல்ல பேரா ஒண்ணு வச்சாங்களான்னு கேளு. வைக்கல. ஒரு நாய்க்குப் பேரு தேட அவ பட்ட பாட்டுல கால்வாசிகூட அவளுக்காக யாரும் படல. "ஏய்"னு கூப்புட ஆரம்பிச்சாங்க. சோறுன்னு ஒண்ணு இருக்கே, அதுக்காக அந்த "ஏய்"க்கு மட்டும் அவ திரும்புனா.

அவ்வளவுதான். கதை கதவைச் சாத்திக்கிச்சு, நீயும் கண்ணைச் சாத்திக்கோ.