பலகை தின்ற கொடுவா

ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தைக் குத்தகைக்கு எடுத்ததும் சிங்கராயர் செய்த முதல் வேலை, கரை நெடுகத் தகர அறிவிப்புப் பலகை நட்டதுதான். "இது நான் தீனி போட்டு வளர்க்கும் மீன். யாரும் பிடிக்கக் கூடாது." ஆற்றையே அவர்தான் பெற்றுப் போட்டதுபோல!

தூண்டில் போட்டு வயிற்றைக் கழுவும் லூர்தம்மாள், மீன்துறை அதிகாரி பார்வையிட வந்த அன்று நேரே போய்க் கேட்டாள். "ஆத்து மீன் எங்களுக்கும் இல்லையா, முதலாளி?"

"என் தீனியில வளர்ந்த மீனுடி. இரை வைக்காம ஒண்ணைப் பிடி பாப்போம். பிடிச்சிட்டா தினமும் பிடிச்சுக்கோ. இல்லேன்னா உன் வள்ளத்தை எங்கிட்ட விட்டுட்டுப் போ."

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள்.

"ஐயாதான் சாட்சி" என்று அதிகாரியைக் கும்பிட்டுவிட்டு, காற்றில் விழுந்து கிடந்த பலகை ஒன்றை லூர்தம்மாள் எடுத்தாள். விரல் நீளத்துக்குத் தகடு வெட்டி, முதுகில் தூண்டில் நரம்பும் வயிற்றில் கொக்கியும் மாட்டி, ஈயம் கட்டி ஆழத்தில் இறக்கினாள். விட்டுவிட்டு இழுக்க, தகடு மடவை மீன் குஞ்சுபோலத் துடித்தது. சற்று நேரத்தில் நரம்பு விறைத்தது. கை நீளக் கொடுவா மீன் ஒன்று, வாயில் தகட்டோடு கரையில் வந்து விழுந்தது.

"தகரத்தைப் போய்க் கடிக்குதே!" என்றார் அதிகாரி.

"பசிங்கய்யா. இந்த ஆத்துக்கு முதலாளி போட்டது பலகை ஒண்ணுதான். பாவம், அதைத்தான் தின்னுது."

கரையே சிரித்தது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. "தீனி மூட்டையெல்லாம் எங்க வச்சிருக்கீங்க, காட்டுங்க" என்றார்.

சிங்கராயர் ஆட்களைப் பார்த்தார். ஆட்கள் ஆற்றைப் பார்த்தார்கள். லூர்தம்மாள் காத்திருக்கவில்லை. தகட்டைத் துடைத்து மறுபடியும் வீசினாள்.