கால்சியம் பிடித்த பிடி

உப்புகளெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு குளத்து நீரில் நுண்ணுயிர் ஒன்று வாழ்ந்தது. அதைச் சுற்றி மெல்லிய எண்ணெய்ச் சுவர். உப்புக்கும் எண்ணெய்க்கும் ஆகவே ஆகாது என்பதால் எந்த உப்பும் உள்ளே போக முடியவில்லை.

பாஸ்பேட்டுகள் கோத்த நீளச் சரம் ஒருத்தி அங்கே இருந்தாள். பெயர் நெடுஞ்சரத்தாள். உடம்பெல்லாம் கைகள். அவள் எண்ணெயோடு ஒத்துப்போகும் ஒரு பிசுக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரின் குறுக்கே ஊடுருவிப் படுத்தாள்.

"என் கையைப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரா உள்ள போங்க" என்றாள்.

சோடியம்தான் முதலில் ஓடினான். ஒவ்வொரு கையாகப் பிடித்து, சிரித்துக்கொண்டே போனான். வெளியே நின்ற கால்சியத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. நெடுஞ்சரத்தாள் மேல் அவனுக்கு நெடுநாளாக ஒரு கண். ஒற்றைக் கைக்காரப் பயல் அவள் விரலைத் தொடுவதா?

"அவன்கிட்ட அப்படி என்னத்தக் கண்ட? எனக்கு ரெண்டு கை இருக்கு, தெரியுமில்ல?"

"வழின்னா எல்லாரும்தான் வருவாங்க. நீயும் வா, போ. நின்னுக்கிட்டு மட்டும் இருக்காத."

போகிறவன் வருகிறவனோடு சேர்த்துத் தன்னையும் சொல்லிவிட்டாளே என்று அவனுக்கு ஆத்திரம். விறுவிறுவென்று நுழைந்து நடுவழியில் நின்றான். ஒரு கையால் அவளை இறுகப் பிடித்தான். அவளைத் தழுவியிருந்த போர்வையின் மீதும் சந்தேகம் வந்தது. மறு கையால் அதையும் பிடித்துக்கொண்டான். அடுத்து வந்த சோடியத்தைத் தோளால் இடித்து வெளியே தள்ளினான்.

"இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காத!"

"ஐயோ, விடு என்னை" என்றாள் அவள்.

அவன் விடவில்லை. நாளாக நாளாகச் சரமும் போர்வையும் அவன் பிடியாலேயே ஒட்டி நின்றன. விட்டால் இரண்டும் பிரிந்து, வழியே இல்லாமல் போய்விடும், அவளும் போய்விடுவாள். இனி அவள் எனக்குத்தான் என்று பூரித்துப் போனான் கால்சியம்.

அப்போது அவனுடைய தம்பி வந்தான்.

"கொஞ்சம் ஒதுங்குண்ணே."

கால்சியம் அவனையும் இடித்துப் பார்த்தான். தம்பிக்கும் அதே இரண்டு கை, அதே பலம்; அசையவில்லை. அண்ணன் கண்ணெதிரிலேயே அவள் கைகளை ஆசையாகப் பற்றிப் பற்றி உள்ளே போனான். பின்னாலேயே இன்னொரு தம்பி. அவனுக்குப் பின்னால் வரிசை நீண்டது.

அன்றிலிருந்துதான் நுண்ணுயிரின் சுவரில் உள்ள பாஸ்பேட் வழி சோடியத்தை ஒதுக்கிவிட்டுக் கால்சியங்களை உள்ளே விடுகிறது. பிடித்தவன் மட்டும் உள்ளேயும் போக முடியாமல், வெளியேயும் வர முடியாமல், தம்பிமார் அவள் கைபிடித்துப் போவதைப் பார்த்துப் பார்த்து வெந்துகொண்டிருக்கிறான்.