யாரிடமும் சொல்லாமல் கடல் பார்த்த கதை

மொசக்குட்டிபாளையம் மருதாசலத்தின் வீட்டில் மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து ஆண்டவன் ஒரு ஆளுக்கு உண்டான புத்தியைக் கொடுத்திருந்தான். அதையும் அவர்கள் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

மருதாசலம் வீட்டுக்குப் பெரியவர். அவர் தம்பி சென்னியப்பன் அண்ணன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவன். மருதாசலத்தின் மனைவி பழனாத்தாளுக்கு ஐம்பது வயது முடிந்துவிட்டது. இன்னும் கடலைப் பார்த்ததில்லை. அந்தக் குறை அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. குழம்புக்கு உப்புப் போடும்போதெல்லாம், "இந்த உப்பு பார்த்த கடலை நான் பார்க்கலியே" என்று ஒரு பெருமூச்சு விடுவாள். அதனாலேயே அந்த வீட்டுக் குழம்பு தினமும் ஆறிப்போயிருக்கும்.

அவள் தம்பி குழந்தைவேலு கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் சமையல்காரன். ஒருநாள் போன் பண்ணினான்.

"அக்கா, இந்த சனி ஞாயிறு ரெண்டு நாளும் எங்க லாட்ஜுல ஒரு ரூம் சும்மா குடுக்கறாங்க. மச்சானையும் சென்னியப்பனையும் கூட்டிட்டு வந்துடு. இதை விட்டா அப்புறம் எப்பக் கெடைக்குமோ தெரியாது."

பழனாத்தாள் அழுதே விட்டாள்.

"அழுவாதக்கா. நான் சொல்றதை அப்படியே கேட்டுக்க. காலையில எந்திரிச்சதுல இருந்து கையில எதெல்லாம் எடுக்கறியோ, அதெல்லாம் மூட்டையில கட்டிடு. இங்க வந்து அது இல்லே, இது இல்லேன்னு திண்டாடக் கூடாது. அப்புறம் முக்கியமா ஒண்ணு. ஊருக்குப் போறதை ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதே. வெளியில பூட்டுத் தொங்கக் கூடாது, வீட்ல ஆள் இருக்கற மாதிரியே தெரியணும். இல்லேன்னா திருடன் வந்துடுவான்."

"சரி சாமி" என்றாள் பழனாத்தாள். சரி என்று அவள் சொன்னால் அதில் ஒரு குண்டுமணி குறையாது.

மறுநாள் காலையில் இருந்து சென்னியப்பன் ஒரு சாக்கோடு அண்ணி பின்னாலேயே நடந்தான். அவள் எதைக் கையில் எடுத்தாலும், வேலை முடிந்ததும் வாங்கிச் சாக்கில் போட்டான். விளக்குமாறு போனது. வாளி போனது. கிணற்றுக் கயிறு போனது. ஆட்டுக்கல் குழவி போனது. கொசு கடித்ததென்று பழனாத்தாள் நெற்றியில் தட்டிக்கொண்டபோது மட்டும் அவன் திகைத்துப்போய் அண்ணனிடம் ஓடினான்.

"அண்ணா, அண்ணி தலையில கை வெச்சுட்டாங்க. தலையையும் கட்டறதுங்களா?"

மருதாசலம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார்.

"வேண்டாம். அது எப்படியும் அவகூடவே வரும்."

உப்பு ஜாடிக்குப் பெரிய விவாதமே நடந்தது.

"ஏனுங்க, கடலே உப்புதானாம். அங்க போறவங்களுக்கு உப்பு எதுக்குங்க?" என்று கேட்டாள் பழனாத்தாள்.

"அது கடலோட உப்பு அம்மிணி. நாம கையை வெச்சா நாலு பேர் கேப்பாங்க. நம்ம உப்பு நம்மகிட்ட இருக்கோணும்."

ஜாடியும் சாக்குக்குள் போனது.

அதற்கப்புறம் ரேடியோ. வீட்டில் ஆள் இருப்பது போலத் தெரிய வேண்டும் என்றால் ரேடியோ பாடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பழனாத்தாள் தினமும் அதைத் தொடுகிறாளே! ஒரு மணி நேரம் மூன்று பேரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். கடைசியில் சென்னியப்பன்தான் கண்டுபிடித்தான்.

"அண்ணி ரேடியோவைத் தொடறதில்லீங்க. அந்தத் திருகுற குமிழைத்தான் தொடறாங்க."

"என்ர தம்பி தம்பிதான்!" என்று மருதாசலம் அவன் முதுகில் தட்டினார். ரேடியோவைச் சத்தமாக வைத்து, குமிழை மட்டும் பிடுங்கி மூட்டையில் கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் புறப்பாடு. வெளியில் பூட்டுத் தொங்கக் கூடாது அல்லவா? கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, மேலே ஏறி, கூரையில் பத்து ஓடுகளைப் பிரித்து, கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் வெளியே இறங்கினார்கள். குழவிக்கல் மட்டும் கொஞ்சம் அவசரமாக இறங்கியது. சென்னியப்பன் கால் தப்பியது அவன் குலதெய்வம் செய்த புண்ணியம்.

"ஏனுங்க, ஓட்டை அப்படியே விட்டுட்டுப் போறோமே. திருடன் இந்த வழியா வந்துட்டான்னா?"

"அது நாம போற வழி. அவனுக்கு எப்படித் தெரியும்? நாமதான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலியே" என்றார் மருதாசலம். பழனாத்தாளுக்கு மனசு நிம்மதியாயிற்று.

பஸ் நிற்கும் இடத்துக்கு முன்னால் நாச்சிமுத்துவின் டீக்கடை. தலையில் மூட்டைகளோடு மூன்று பேரைப் பார்த்ததும், "என்ன மருதாசலண்ணா, எங்க பொறப்பட்டுட்டீங்க?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

மூன்று பேரும் நின்றார்கள்.

"எங்கயும் போகலீங்க" என்றார் மருதாசலம்.

"அப்புறம் மூட்டை?"

"அதுவும் எங்கயும் போகலீங்க."

சொன்ன பிறகு போனால் பொய்யாகிவிடுமே! பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீ குடித்தார்கள். பஸ் வந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். "வர்றீங்களா?" என்று கை காட்டினார். மூன்று பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் போய்விட்டது. பழனாத்தாளின் கண்ணில் இருந்து ஒரு சொட்டு டீ கிளாசுக்குள் விழுந்தது. பிறகு மூன்று பேரும் வீட்டுக்குத் திரும்பி, ஓட்டு வழியாக ஏறி உள்ளே போனார்கள்.

"போச்சு. நான் கடலைப் பார்க்காமயே போய்ச் சேர வேண்டியதுதான்" என்று மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள் பழனாத்தாள்.

மருதாசலத்துக்குத் தாங்கவில்லை. என்ன இருந்தாலும் கட்டின பெண்டாட்டி. சாப்பிடாமல் கொள்ளாமல் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"நாளைக்குப் பின்னோக்கி நடப்போம். மூஞ்சி வீட்டைப் பார்த்து இருக்கும். பார்க்கறவன் நாம ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வர்றோம்னு நெனைப்பான்."

"அப்பக் கால்?" என்றான் சென்னியப்பன்.

"காலை எவன்டா பார்க்கறான்?"

சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் முதுகைப் பஸ் பக்கம் காட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். சென்னியப்பன் ஒரு ஆட்டுக்குட்டி மேலும், ஒரு தந்திக்கம்பம் மேலும் மோதினான். இரண்டிடமும் மன்னிப்புக் கேட்டான்.

நாச்சிமுத்து டீயை ஆற்றிக்கொண்டே, "வாங்க வாங்க! எங்க போயிட்டு வர்றீங்க?" என்றார்.

பழனாத்தாளுக்குப் பூரிப்பு. "போன பக்கமெல்லாம் நல்லா இருந்துதுங்க. இனி வீட்ல போய்ப் படுக்கறதுதான்" என்று சொல்லிக்கொண்டே பின்னோக்கியே பஸ்ஸில் ஏறினாள்.

டவுனில் இறங்கியதும் அடுத்த சிக்கல். கன்னியாகுமரி பஸ் எது என்று யாரையும் கேட்க முடியாது. கேட்டால் எங்கே போகிறோம் என்பது தெரிந்துவிடும். கூட்டம் இல்லாத பஸ்ஸில் திருடனும் இருக்க மாட்டான் என்று, காலியாக நின்ற ஒரு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள்.

"எந்த ஊரு?" என்றார் கண்டக்டர்.

"அதைச் சொல்லக் கூடாதுங்க."

"சொல்லலைன்னா எப்படிய்யா டிக்கெட் குடுக்கறது?"

"நீங்களா ஒண்ணு குடுங்க. சரியா இருந்தா நான் தலையாட்டறேன்."

கண்டக்டர் அன்றைக்கு ஏற்கெனவே நாலு பேரிடம் சண்டை போட்டிருந்தார். ஐந்தாவதுக்குத் தெம்பில்லை. கடைசி நிறுத்தத்துக்கு மூன்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். மருதாசலத்தின் மூக்குக்கண்ணாடி மூட்டையின் அடியில், குழவிக்குக் கீழே இருந்தது. டிக்கெட்டைத் தூரமாகப் பிடித்து, கிட்டமாகப் பிடித்து, கம்பீரமாகத் தலையாட்டினார்.

முக்கால் மணி நேரத்தில் பஸ் நின்றது. 'ஏரிமேடு' என்று போர்டு. எதிரே பெரிய ஏரி. நல்ல மழை பெய்து கரை தளும்ப நின்றது.

"அண்ணா, போர்டுல கடல்னு போடலீங்களே?" என்றான் சென்னியப்பன்.

"போடுவாங்களா? கடலும் நம்மளை மாதிரித்தான். யாருகிட்டயும் சொல்லாம இருக்குது."

"அக்கரை தெரியுதுங்க. எருமை மேயுது."

"அது இலங்கைடா. அங்க எருமை மேயக் கூடாதா?"

பழனாத்தாள் எதையும் காதில் வாங்கவில்லை. மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். முழங்கால் தண்ணீரில் நின்று, "ஐயோ, எத்தனை தண்ணி! எத்தனை தண்ணி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஐம்பது வருஷ ஆசை! இரண்டு கையாலும் அள்ளி ஒரு வாய் குடித்தாள்.

முகம் செத்துப்போயிற்று.

"ஏனுங்க... உப்பே இல்லீங்க."

மருதாசலம் குடித்துப் பார்த்தார். சென்னியப்பன் இரண்டு முறை குடித்துப் பார்த்தான். சப்பென்று இருந்தது. இத்தனை தூரம் வந்து உப்பில்லாத கடலா! மூன்று பேரும் கரையில் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள்.

"நல்ல மழைங்க. குழம்புல தண்ணி ஊத்துன மாதிரி ஆயிருக்கும்" என்றான் சென்னியப்பன்.

"குழம்புல தண்ணி கூடிப்போச்சுன்னா நீ என்ன பண்ணுவே அம்மிணி?" என்று கேட்டார் மருதாசலம்.

பழனாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சமையல் விஷயம் அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாக்கை அவிழ்த்து உப்பு ஜாடியை எடுத்தாள். தண்ணீருக்குள் போய், காலடியில் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டாள். விளக்குமாற்றுக் கட்டையால் நன்றாகக் கலக்கினாள். கலக்கின இடத்திலேயே ஒரு கை அள்ளி நாக்கில் விட்டாள்.

"கடல்தானுங்க!" என்று கத்தினாள். "கடலேதானுங்க!"

மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குளித்தார்கள். தம்பிக்குக் காட்ட வேண்டும் என்று, அதே இடத்தில் ஒரு பாட்டில் கடலைப் பிடித்து, எதற்கும் இருக்கட்டுமென்று இன்னொரு பிடி உப்பையும் போட்டு மூடினாள் பழனாத்தாள்.

சாயங்காலம் சுருக்குப் பையில் இருந்த போன் அடித்தது.

"அக்கா! நேத்துல இருந்து பஸ் ஸ்டாண்டுலயே நிக்கறேன். எங்க இருக்கறே?"

பழனாத்தாள் உஷாராகிவிட்டாள். தம்பி சோதிக்கிறான். "வீட்லதான் சாமி."

"ஏன் கெளம்பலே? கடல் பார்க்கணும்னு உசிரை விட்டியே!"

"கடலா? அப்படீன்னா என்ன?" என்று கேட்டுவிட்டு, கணவனைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தப் பக்கம் குழந்தைவேலு தலையில் கை வைத்துக்கொண்டான். ஐம்பது வருஷமாகக் கடல் கடல் என்று பிதற்றின அக்கா, கடல் என்றால் என்ன என்று கேட்கிறாளே! மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது. போட்டது போட்டபடி அடுத்த பஸ்ஸைப் பிடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் மொசக்குட்டிபாளையத்தில் வந்து இறங்கினால், கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். ரேடியோ தொண்டை கிழியப் பாடுகிறது. தட்டினான், கத்தினான். பதில் இல்லை. பதறிப்போய்ச் சுவர் ஏறி, பிரித்துக் கிடந்த ஓட்டு வழியாக உள்ளே குதித்தான். சத்தம் கேட்டு ஊரே திரண்டது. "வீட்ல ஆள் இருக்குது. நேத்து அவங்க திரும்பி வந்ததை என் ரெண்டு கண்ணால பார்த்தேன். ஆள் தூங்கறப்பவே எறங்கியிருக்கறான் பாரு!" என்று நாச்சிமுத்து சாட்சி சொன்னார். குழந்தைவேலுவை வேப்பமரத்தில் கட்டினார்கள்.

ராத்திரி ஏரிக்கரையிலேயே படுத்து எழுந்து, மத்தியானம் மூன்று பேரும் ஊர் திரும்பினார்கள். நேராக நடந்தால் வெளியே போய்விட்டு வருவது தெரிந்துவிடுமே! இப்போதும் பின்னோக்கித்தான்.

"இந்த நேரத்துல எங்க பொறப்பட்டுட்டீங்க?" என்று நாச்சிமுத்து ஓடி வந்தார். "உங்க வீட்டுக்குள்ள திருடன் எறங்கிட்டான்! புடிச்சுக் கட்டி வெச்சிருக்கறோம்."

மருதாசலம் திரும்பி, மரத்தில் கட்டியிருந்தவனைப் பார்த்தார். பிரமித்துப் போனார். மனைவியின் காதில் சொன்னார்: "திருடன் வருவான்னு உன்ர தம்பி சொன்னானல்ல? வேற ஆள் கெடைக்கலைன்னதும் தானே வந்துட்டான் பாரு. வாக்குன்னா இதுதான் வாக்கு!"

பழனாத்தாளுக்கு அப்போதே தம்பிக்குக் கடலைக் காட்டிவிட வேண்டும். ஓடிப்போய்ப் பாட்டிலைத் திறந்து தம்பி வாயில் ஊற்றினாள். அவன் தூவென்று துப்பினான்.

"உப்பு!"

"வாய் வெச்சதுமே கண்டுபுடிச்சுட்டான் பாருங்க" என்று பெருமையில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, நான் யாருன்னு இவங்ககிட்ட சொல்லு! கன்னியாகுமரில இருந்து வந்திருக்கறேன்னு..."

பழனாத்தாள் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். "மெதுவாப் பேசு சாமி! ஊரை விட்டு வந்ததை இப்படிக் கத்துனா, அங்க உன்ர ரூமுக்குத் திருடன் வந்துட மாட்டானா?"

பிறகு ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினாள்.

"இவன் யாருன்னே எங்களுக்குத் தெரியாதுங்க. எங்க இருந்தும் வரலீங்க" என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் பண்ணின மாதிரிச் சொன்னாள். கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார்கள். அவள் தம்பியைப் பார்த்து, பயப்படாதே என்று ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, ஓட்டு வழியாக வீட்டுக்குள் போனாள்.